படக்கருவியும் பிழைப்பும்: இளம் ஒளிப்பதிவாளரின் தொழில் வாழ்வு

வங்கிக் கடனுக்கான விண்ணப்பப் படிவத்தில் 'தொழில்' என்றொரு கட்டம் உண்டு. உழவர், வணிகர், ஆசிரியர், அரசு ஊழியர் ஆகியோர் அக்கட்டத்தைத் தயக்கமின்றி நிரப்பிவிடுகின்றனர். படக்கருவியைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் இருபத்து நான்கு வயது இளைஞரோ அவ்விடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறார். காலையில் அவர் ஒரு கல்லூரி விழாவைப் படம் பிடிக்கிறார். பிற்பகலில் துணி வணிகர் ஒருவருக்கு விளம்பரப் படங்கள் எடுத்துத் தருகிறார். முகூர்த்த நாட்களில் திருமண வீடுகளுக்குச் செல்கிறார். எஞ்சிய இரவுகளில் தாமே எழுதி எடுத்த குறும்படத்தைத் தொகுக்கிறார். இவற்றுள் எது அவருடைய தொழில்? அவருடைய தந்தையார் வீட்டில் கேட்கும் கேள்வியும் வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேட்கும் கேள்வியும் ஒன்றே: "இதில் நிலையான வருமானம் உண்டா?"

இக்கேள்வியைக் கலையுணர்வு அற்றோரின் கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது. பொருளாதார நோக்கில் அது மிகவும் நியாயமான கேள்வியாகும். நீண்ட பயிற்சி, விலையுயர்ந்த கருவிகள், ஒழுங்கற்ற வருமானம், விளைபொருள் யாருக்கு உரியது என்பதில் தெளிவின்மை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த தொழில்கள் மிகச் சிலவே. திரைப்படமும் நிழற்படமும் அவற்றுள் அடங்கும். ஆற்றலுள்ள இளைஞர் ஒருவர் இத்துறையில் நிலைபெறுகிறாரா, அல்லது மூன்றாண்டுகள் முயன்று கருவிகளை விற்றுவிட்டு விலகுகிறாரா என்பது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததன்று. பயிற்சி, மூலதனம், உரிமை, சந்தை ஆகிய நான்கு நிலைகளில் அவருக்குக் கிடைக்கும் துணையையும் பொறுத்ததாகும்.

பயிற்சியின் செலவை ஏற்பவர் யார்?

இந்தியத் திரைப்பட ஒளிப்பதிவின் வரலாற்றில் சுப்ரதா மித்ராவின் தொடக்கம் கருதத்தக்கது. 1930ஆம் ஆண்டில் பிறந்த அவர், பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவார் 'தி ரிவர்' திரைப்படத்தை வங்காளத்தில் எடுத்தபோது அப்படக்குழுவில் வேலை கேட்டுச் சென்றார். வேலை கிடைக்கவில்லை. தந்தையாரின் முயற்சியால், படப்பிடிப்பை அருகிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் இசைவு கிடைத்தது. ஒவ்வொரு காட்சிக்கும் விளக்குகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்பதை அவர் படமாக வரைந்து குறித்துக் கொண்டார். அக்குறிப்பேடே அவருடைய பாடநூலாயிற்று. 1952ஆம் ஆண்டில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பைத் தொடங்கியபோது ஒளிப்பதிவாளராக அமர்ந்தவர் இந்த மித்ராவே. அப்போது அவர் வயது ஏறத்தாழ இருபத்தொன்று. அதற்கு முன் திரைப்படக் கருவியை இயக்கிய அனுபவமும் அவருக்கு இருந்ததில்லை.

அப்படத்தின் பொருளாதாரமும் மாணவர்கள் அறிய வேண்டியதே. ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி வந்தார். பணம் தீர்ந்தபோதெல்லாம் படப்பிடிப்பு நின்றது. காப்புறுதிப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு நிதியளித்த பின்னரே படம் நிறைவுற்று 1955இல் வெளிவந்தது. ஆக, அப்படைப்பின் தொடக்கச் செலவைக் குடும்பம் ஏற்றது. முடிவுச் செலவை அரசு ஏற்றது. இடையில் அதை ஏற்கக்கூடிய நிறுவனம் எதுவும் நாட்டில் அன்று இல்லை.

இக்குறை அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1949ஆம் ஆண்டில் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைக்கப்பட்ட திரைப்பட விசாரணைக் குழு, 1951இல் அளித்த அறிக்கையில் பயிற்சி நிலையம் ஒன்றும் நிதிக் கழகம் ஒன்றும் தேவை எனப் பரிந்துரைத்தது. இவ்விரண்டும் செயல்வடிவம் பெற்றது 1960ஆம் ஆண்டில்தான். புனே நகரில் பிரபாத் படநிறுவனம் இயங்கிய வளாகத்தில் திரைப்படக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் திரைப்பட நிதிக் கழகமும் நிறுவப்பெற்றது. பயிற்சியும் நிதியும் ஒரே காலத்தில் கிடைத்ததன் பயன் பத்தாண்டுகளுக்குள் வெளிப்பட்டது. புனேயில் பயின்ற கே.கே. மகாஜன், நிதிக் கழகத்தின் உதவியுடன் மிருணாள் சென் 1969இல் எடுத்த 'புவன் ஷோம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். இலங்கையில் பிறந்து புனேயில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, 1974ஆம் ஆண்டின் மலையாளப் படமான 'நெல்லு' வாயிலாகத் திரையுலகில் நுழைந்து, பின்னர்த் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் தடம் பதித்தார். குடும்பத்தின் அடகு நகையை நம்பி நிற்க வேண்டிய நிலை இவர்கள் தலைமுறையில் ஓரளவு மாறியது எனலாம்.

1995இல் கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் இரண்டாவது தேசியக் கல்விக்கூடம் அமைக்கப்பட்டது. அங்கு மூத்த பேராசிரியராக அமர்ந்து மாணவர்களுக்கு ஒளியமைப்பைக் கற்பித்தவர், ஒரு காலத்தில் வேலை மறுக்கப்பட்டு வேடிக்கை பார்த்து நின்ற அதே சுப்ரதா மித்ரா என்பது எண்ணத்தக்கது. எனினும் இத்தகைய கல்விக்கூடங்களில் இடம் பெறுவோர் மிகச் சிலரே. மாவட்டத் தலைநகரில் வாழும் இளைஞருக்கு இன்றும் முதல் பள்ளிக்கூடமாக அமைவது ஒரு மூத்த நிழற்படக்காரரின் கூடமேயாகும். 2017 முதல் புனே நிலையம் பல நகரங்களில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தத் தொடங்கியது இந்த இடைவெளியைக் குறைக்கும் நல்ல முயற்சி. ஆயினும் அங்கு கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கலையும் கருவியுமே. கணக்கு எழுதுதலும் ஒப்பந்தம் எழுதுதலும் அத்துடன் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

படச்சுருள் இருந்த காலத்தில் ஒவ்வோர் அடியும் பணமாக இருந்தது. எண்ணியல் கருவிகள் வந்தபின் படச்சுருளின் செலவு மறைந்தது. இதனால் இத்தொழில் மலிவாகிவிட்டது என்ற எண்ணம் பரவியுள்ளது. உண்மையில் செலவு இடம் மாறியுள்ளதே தவிர மறையவில்லை. படச்சுருளின் விலையைப் படம் எடுக்கச் சொன்னவர் கொடுத்தார். கருவியின் தேய்மானத்தைப் படம் எடுப்பவரே சுமக்கிறார்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இளைஞர் ஒருவர் படக்கருவி, வில்லைகள், விளக்குகள், கணினி ஆகியவற்றை 4,00,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். நான்காண்டுகளில் அவை பழமையாகிவிடுமெனில், ஆண்டுத் தேய்மானம் 1,00,000 ரூபாய். தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. வடமாநிலங்களில் சாதுர்மாச காலத்தில் இல்லை. ஆகவே ஆண்டுக்கு 80 நாட்களே படம் எடுக்கும் வேலை கிடைப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்குரிய தேய்மானம் 1,250 ரூபாய் ஆகிறது. உதவியாளர் கூலிக்கும் பயணத்துக்கும் மற்றுமொரு 1,250 ரூபாய் எனக் கொள்க. ஒரு நாள் வேலைக்கு 6,000 ரூபாய் பெற்றால் மிஞ்சுவது 3,500 ரூபாய். ஆனால் ஒரு நாள் எடுத்ததைத் தொகுத்துச் செப்பனிட இரு நாட்கள் தேவை. எனவே அந்த 3,500 ரூபாய் மூன்று நாள் உழைப்புக்குரிய ஊதியமாகும். ஆண்டு முழுவதற்கும் அது 2,80,000 ரூபாய்.

இப்போது பக்கத்துத் தெருவில் மற்றோர் இளைஞர் 4,000 ரூபாய்க்கு அதே வேலையைச் செய்ய முன்வருகிறார். முதலாமவரும் தம் கட்டணத்தை அவ்வாறே குறைத்துக் கொள்கிறார். கூலியும் பயணமும் போகக் கையில் 2,750 ரூபாய் நிற்பதால், தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது என அவர் கருதுகிறார். தேய்மானத்தையும் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது 1,500 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். தேய்மானம் எவர் கையிலிருந்தும் நேராகப் போவதில்லையாதலால் அந்த இழப்பு நான்காண்டுகள் வரை கண்ணில் படுவதில்லை. ஐந்தாம் ஆண்டில் கருவி பழுதாகும்போது, புதிதாக வாங்கப் பணமில்லை என்பது தெரியவருகிறது. அவரோ திறமையின்மையால் தோற்றதாகத் தம்மையே நொந்துகொள்கிறார். ஊராரும் அவ்வாறே பேசுகின்றனர். தோற்றது திறமையன்று, விலை கூறிய முறையே.

இதற்கு மாற்று வழிகள் உள்ளன. தொடக்கத்தில் விலையுயர்ந்த கருவிகளை வாடகைக்கு எடுப்பது முதல் வழி. நால்வர் கூடி ஒரு தொகுதிக் கருவிகளைப் பொதுவில் வாங்குவது இரண்டாவது வழி. ஆண்டுக்கு 80 நாட்கள் மட்டும் பயன்படும் கருவி, நால்வர் கையில் அதைப் போல் பன்மடங்கு பயன்படக்கூடும். கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய நாட்டில் இது புதிய கருத்தன்று. மூன்றாவது வழி கடன். 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் கீழ்ச் சேவைத் தொழில்களுக்கும் ஈடு இன்றி 10 லட்ச ரூபாய் வரை கடன் வழங்க வழிவகை செய்யப்பட்டது. முந்தைய உயர்நிலைக் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு இவ்வரம்பு 2024இல் 20 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் மேற்கண்ட கணக்கைப் போடாமல் வாங்கும் கடன், இழப்பின் வேகத்தை மிகுவிக்குமேயன்றி அதனைத் தடுக்காது.

பெயரும் உரிமையும்

1913ஆம் ஆண்டில் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் செய்தி நிழற்படக் கலைஞராக மதிக்கப்படுகிறார். நாடு விடுதலை பெற்ற காலத்தின் முக்கிய நிகழ்ச்சிகள் பலவற்றை அவர் படமாக்கினார். எனினும் அவருடைய தொடக்க காலப் படங்கள் பத்திரிகைகளில் கணவரின் பெயராலேயே வெளிவந்தன. அறியப்படாத ஒரு பெண்ணின் பெயருக்கு அன்று பத்திரிகை உலகில் மதிப்பு இல்லை. 1970இல் அவர் படம் எடுப்பதையே நிறுத்திக்கொண்டார். 2011இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டபோது அவர் தொண்ணூற்றேழு வயது முதியவர். மறு ஆண்டே மறைந்தார். நிழற்படக்காரருக்குப் பெயர் என்பது பெருமைக்குரிய அணிகலன் மட்டுமன்று. அடுத்த வேலையைக் கொண்டுவரும் மூலதனமும் அதுவே.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இவ்வகையில் கூறுவதை இத்துறையில் நுழையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். நிழற்படத்தைப் பொறுத்தவரை அதை எடுத்தவரே அதன் படைப்பாளர் எனச் சட்டம் கொள்கிறது. திரைப்படத்தைப் பொறுத்தவரை தயாரிப்பாளரே படைப்பாளராவார். இயக்குநருக்கோ ஒளிப்பதிவாளருக்கோ அவ்விடம் இல்லை. மேலும், ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்றுக்கொண்டு எடுத்த நிழற்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறான உடன்பாடு இல்லையெனில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே துணி வணிகருக்காக எடுத்த படம், வாய்மொழியில் எதுவும் பேசப்படாத நிலையில், துணி வணிகருக்கே சொந்தம். அது நாளை நாடெங்கும் விளம்பரப் பலகைகளில் இடம்பெற்றாலும் இளைஞருக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் உரியதாகாது.

ஆனால் அதே சட்டம் காப்பும் அளிக்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் அமைய வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லையெனில் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடப்படவில்லையெனில் இந்தியாவுக்குள் மட்டும் எனக் கொள்ளப்படும். உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பின்னரும், படைப்பு தம்முடையது எனக் கூறிக்கொள்ளும் உரிமை படைப்பாளரை விட்டு நீங்காது. 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் நிழற்படத்துக்கான பதிப்புரிமை படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் அறுபது ஆண்டுகளும் நீடிக்கிறது. இன்று இருபத்து நான்கு வயதில் எடுக்கும் ஒரு நல்ல படம் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தாக இருக்கக்கூடும். ஒரு தாளில் நான்கு வரி எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிடாமையால் அச்சொத்து முதல் நாளிலேயே கைமாறிப் போகவும் கூடும். திருமண வீட்டில் ஒப்பந்தம் கேட்பது மரியாதைக் குறைவு என இளைஞர் கூசுகின்றனர். சமையற்காரரும் பந்தல் போடுபவரும் முன்பணமும் சீட்டும் பெற்றுக்கொள்வதை எவரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை.

திரைப்படப் பணியில் கூலிக்கு அமர்வோர் நிலையும் இதை ஒத்ததே. 1981ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திரைப்படத் தொழிலாளர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்தியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தக் கோட்பாட்டை, எண்ணியல் ஊடகங்களையும் உள்ளடக்கிய 'ஒலி-ஒளித் தொழிலாளர்' என்ற விரிந்த வகையினருக்கு நீட்டித்தது. சட்டத்தின் எழுத்து படப்பிடிப்புத் தளம் வரை சென்று சேர்கிறதா என்பதே இனி எஞ்சியுள்ள கேள்வி.

அரசு என்னும் வாடிக்கையாளர்

1948இல் தொடங்கப்பட்ட செய்திப்படப் பிரிவு நெடுங்காலம் இளம் படைப்பாளர்களுக்கு ஊதியமும் படச்சுருளும் ஒருங்கே அளித்த இடமாக விளங்கியது. அதன் படங்கள் பல வெறும் அறிவிப்புகளாக இருந்தன என்பது உண்மை. ஆயினும் 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த 'ஐ ஆம் 20' போன்றவை அங்கிருந்தே வந்தன. விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களை நாடெங்கும் சந்தித்து, அவர்கள் நம்பிக்கையையும் கசப்பையும் மறைக்காமல் பதிவு செய்த படம் அது. அரசுப் பணத்தில் எடுத்த படத்திலும் உண்மைக்கு இடம் உண்டு என்பதற்கு அது சான்று. 2022இல் இப்பிரிவின் பணிகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் 2021 முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட படைப்பாளர்களைத் தேர்ந்து ஊக்குவிக்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

இவை மேல்மட்டத்து வாய்ப்புகள். அன்றாட வாழ்வில் இளைஞரைத் தொடுவது மாவட்ட அளவில் அரசு தரும் வேலையே. நலத்திட்ட விழா, தடுப்பூசி முகாம், வேளாண் செயல்விளக்கம், தேர்தல் விழிப்புணர்வு ஆகிய அனைத்துக்கும் இன்று படம் தேவைப்படுகிறது. அவ்வேலையை மிகக் குறைந்த விலை கூறியவருக்கே வழங்குவதும், பட்டியல் தந்து பல மாதங்கள் கழித்துப் பணம் தருவதும் சிக்கனம் போலத் தோன்றும். முன்னர்க் கூறிய தேய்மானக் கணக்கின்படி, அச்சிக்கனத்தின் செலவு ஓர் இளைஞரின் தொழில் வாழ்வாகும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் அல்லது சிறுதொழில் நிறுவனத்துக்குரிய தொகையை மிகுதியாக 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். இச்சட்டம் அரசு அலுவலகங்களையும் கட்டுப்படுத்துகிறது. தனியொருவராக இயங்கும் ஒளிப்பதிவாளரும் 2020இல் தொடங்கிய உதயம் பதிவு முறையில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு இக்காப்பைப் பெறலாம்.

எனவே அலுவலர்கள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, வேலை ஆணையிலேயே முன்பணம், இறுதித் தொகை, தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுதல். இரண்டாவது, விலையோடு முந்தைய படைப்புகளின் தரத்தையும் மதிப்பிடுதல். மூன்றாவது, வெளியிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரை அச்சிடுதல். மூன்றாவதற்கு அரசுக்கு ஆகும் செலவு ஏதுமில்லை. வியாரவாலா பல ஆண்டுகள் இழந்து நின்றது அதைத்தான்.

மாணவர்கள் செய்யக்கூடியவையும் மூன்றே. நாள்தோறும் வரவு செலவை எழுதுதல். வரும் தொகையில் தேய்மானத்துக்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் இட்டு வைத்தல். எழுத்தில் உடன்பாடின்றி எந்த வேலையையும் தொடங்காதிருத்தல். இவை கலைக்குப் பகையானவை என எண்ண வேண்டுவதில்லை. ஒளியமைப்பை வரைந்து வைத்த சுப்ரதா மித்ராவின் குறிப்பேடும் ஒரு வகைக் கணக்கேடே. எது எங்கே இருந்தது, அதனால் என்ன விளைந்தது என்பதைத் தவறாமல் எழுதி வைக்கும் ஒழுங்கு கலைக்கும் தொழிலுக்கும் பொதுவானதாகும்.

படிவத்தில் நிரப்பப்படாமல் நின்ற அந்தக் கட்டத்துக்கும் விடை உண்டு. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் நிழற்படப் பணிகளுக்கு 7420 என்ற எண்ணும், திரைப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சி முதலியவற்றின் தயாரிப்புக்கு 5911 என்ற எண்ணும் வழங்கப்பட்டன. நெல் விளைவிப்பவருக்கும் துணி நெய்பவருக்கும் எண் அளித்த அதே பட்டியல் படம் எடுப்பவருக்கும் ஓர் எண் அளித்துள்ளது. அதை இளைஞர் தயங்காமல் எழுதவும், மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருப்பவர் தயங்காமல் ஏற்கவும் பழகிவிட்டால், தந்தையாரின் கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அந்த இளைஞர் ஒருவர் மீது மட்டும் விழாது.